உங்களுக்குத் தெரியுமா? கூச்சல் போடும் கல்லும் வாய் திறக்காத கிட்னியும்

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் யாருக்காவது விலாவில் சுரீரென்று பிடித்தால் பழி முதலில் தண்ணீர் மேல்தான் விழும். "சுண்ணாம்புத் தண்ணியக் குடிச்சா கல்லு வராம என்ன செய்யும்?" என்பார்கள். சிமெண்ட் ஆலைகளுக்கே சுண்ணாம்புக்கல் கொடுக்கிற மண் இது, அதனால் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது. முழுக்க நியாயமா? பார்ப்போம்.

● 2020 அக்டோபரில் குன்னத்தில் குளத்தைத் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செல்போனுக்குச் செல்போன் செய்தி பறந்தது, கூட்டமும் கூடியது. பார்க்க வந்த நிலவியலாளர்கள் அவை முட்டையல்ல, அம்மோனைட்டுகள் என்ற கடல்வாழ் உயிரினங்களின் காலத்துப் படிவுகள் என்றார்கள். இந்த மண் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. நீரில் கரைந்த தாது அடர்த்தி மிகுந்ததும், கிடைத்த சிறு துணுக்கைச் சுற்றி அடுக்கடுக்காகப் படிந்து உருண்டையாகும். சிறுநீரகக் கல்லும் ஏறக்குறைய இதே மாதிரிதான் விளைகிறது. அதற்குக் கோடி ஆண்டுகள் தேவையில்லை, சில மாதங்களே போதும்.

● கல்லின் பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட். "கால்சியம் என்றால் சுண்ணாம்புதானே, அப்போது பால், தயிர், மோரை நிறுத்திவிடலாம்" என்று பலர் முடிவெடுக்கிறார்கள். இத்தாலியின் பார்மா நகர மருத்துவர்கள் இதைச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். அடிக்கடி கல் வரும் 120 ஆண்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்குக் கால்சியம் குறைந்த உணவு. மற்ற அணிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்தாண்டு முடிவில் கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்தது. கால்சியம் சாப்பிட்ட 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே வந்தது. விஷயம் குடலில் இருக்கிறது. உணவில் வரும் கால்சியம் அங்கேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். கால்சியத்தை நிறுத்தினால் ஆக்சலேட் தனியாக ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வந்துவிடும். கல் வந்தவர் மோரை விட வேண்டியதில்லை, ஊறுகாயை விடலாம்.

● அப்படியானால் நம் போர்வெல் தண்ணீர்? கடின நீர் குடிப்பவர்களின் சிறுநீரில் கால்சியம் சற்றுக் கூடுவது உண்மைதான். சில ஆய்வுகளில், கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட்டும் கூடவே உயர்ந்திருக்கிறது. கடின நீரால்தான் கல் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகள் ஒத்துவரவில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கல்லுக்குப் பெரிய கேள்வி. அதே பார்மா குழு 1996-ல் காட்டியது இது: முதல்முறை கல் வந்தவர்களில் நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் ஐந்தாண்டில் நூற்றுக்கு 12 பேருக்கு மறுபடி கல் வந்தது. குடிக்காதவர்களில் 27 பேருக்கு.

● கல் ஏன் அப்படி வலிக்கிறது? சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம், உள்விட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதில் கல் மாட்டிக்கொண்டதும் குழாய் இறுகி இறுகி அதைத் தள்ளப் பார்க்கும். ஆளைத் தரையில் புரள வைக்கும் வலி அந்தத் தள்ளலிலும், கல்லுக்கு மேலே தேங்கும் சிறுநீரின் அழுத்தத்திலும் வருவது.

● சிறுபீளைக்குக் 'கல்லுடைப்பான்' என்ற புகழ் உண்டு. கொங்கு நாட்டிலும் சேலம் பக்கத்திலும் பொங்கலுக்கு முதல்நாள் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டு முகப்பில் செருகுவது இந்தச் செடியைத்தான். வாழைத்தண்டுச் சாற்றின் கதை சோதனைச்சாலை வரை போயிருக்கிறது, எலிகளிடம் கொஞ்சம் நல்ல பலனும் கண்டிருக்கிறார்கள். ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் மூன்றில் இரண்டு பங்கு எந்த மருந்தும் இல்லாமலே வெளியேறிவிடும். ஆகவே "தண்டுச் சாறு குடிச்சேன், கல்லு விழுந்திருச்சு" என்பதில் பாதிப் பெருமை கல்லின் அளவுக்குச் சேர வேண்டும். எலுமிச்சைச் சாறு பக்கம் சான்று கொஞ்சம் வலு. அதில் சிட்ரேட் இருக்கிறது. உப்பு மட்டும் போடாதீர்கள்.

● இவ்வளவு நேரம் கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் கல் கூச்சல் போடுகிறது. கிட்னி பழுதோ கூச்சல் போடாது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். பாதி போனாலும் மிச்சம் இருப்பவை கூடுதலாக உழைத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு உயரத் தொடங்குவதற்குள் ஏறக்குறைய பாதித் திறன் போயிருக்கலாம். வலி இல்லை, சிறுநீரும் வழக்கம்போல் போகும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, சாப்பாடு பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றே சிலருக்கு டயாலிசிஸ் ஊசியும் குத்த வேண்டியிருக்கிறது.

● இந்தியாவில் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் சர்க்கரை நோய்க்கு, ரத்தக்கொதிப்பும் முக்கியக் காரணம். தண்ணீர்த் தொட்டியில் வெள்ளை படிந்தால் பதறுகிற வீட்டில், சுகர் மாத்திரை தீர்ந்து மாதம் ஒன்றானது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

● நாளொன்றுக்குச் சிறுநீரகங்கள் வடிப்பது சுமார் 180 லிட்டர். வெளியே விடுவது ஒன்றரை லிட்டர் அளவு. மற்றதையெல்லாம் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து எடை 300 கிராமுக்கு ஒட்டி. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது.

● வடிகட்டுவது மட்டும் அவற்றின் வேலை இல்லை. ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு ஆணை அனுப்பும் எரித்ரோபாயட்டின் பெரும்பாலும் இங்கேதான் சுரக்கிறது. வெயிலில் கிடைத்த வைட்டமின் டி-யை வேலைக்கு ஆயத்தமாக்குவதும் இங்கேதான். அதனால்தான் கிட்னி கெட்டவருக்கு ரத்தசோகை வருகிறது, எலும்பு பலவீனமாகிறது. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் போட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் கிரியேட்டினினும் பார்த்துவிடுவது நல்லது.

● பெரம்பலூர் மாவட்டம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போனது. பருத்தி எடுப்பது பெரும்பாலும் பெண்கள். காலை ஏழு மணிக்குக் காட்டில் இறங்கினால் மறைவிடம் இல்லை, ஒதுங்க இடம் இல்லை. ஆகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் வெயிலிலும் அனலிலும் வேலை செய்யும் பெண்களைப் பற்றி சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் எழுதிய கட்டுரை, வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரைத் தவிர்ப்பதையும் அதனால் நீர்க்கடுப்பு போன்ற தொல்லைகளில் விழுவதையும் பதிவு செய்தது. பெண்ணின் சிறுநீர்த் தாரை நாலு செ.மீ. நீளந்தான், ஆணுக்கோ இருபது. கிருமி ஏறுவதற்கு அந்தக் குறுக்குவழி போதும். "தண்ணி நிறையக் குடிம்மா" என்று மருத்துவர் சொல்வது சரிதான். எங்கே ஒதுங்குவது என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்ல.

● வெயிலே தனியாகக் கிட்னியைக் கெடுக்குமா? மத்திய அமெரிக்காவில், எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும், கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரையும் இல்லாமல் கொதிப்பும் இல்லாமல் கிட்னி செயலிழந்து செத்தார்கள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம், இலங்கையின் அநுராதபுரம், பொலனறுவைப் பகுதிகளிலும் விவசாயிகளிடம் இதே போன்ற நோய். தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு, பூச்சிமருந்து, வெயில் என்று சந்தேகப் பட்டியல் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சோதித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இருபது பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் சுமார் பாதிப்பேருக்குச் சர்க்கரை, கொதிப்பு என்று சுட்டிக்காட்டத் தெரிந்த காரணம் எதுவும் இல்லை. மத்திய அமெரிக்கக் கரும்புக் காட்டில் கண்ட தற்காப்பு மூன்று சொல்: தண்ணீர், ஓய்வு, நிழல். கடும் வெயில் வேலையில் கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்கச் சொல்கிறது அமெரிக்கத் தொழில்நலத் துறை. மதியச் சாப்பாட்டின்போது மொத்தமாக ஒரு செம்பு குடிப்பது அதற்கு ஈடாகாது.

● ஆனால் "தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ள 631 பேரைக் கனடாவில் வைத்துப் பார்த்தார்கள். அதிகம் குடிக்கச் சொல்லப்பட்டவர்களின் சிறுநீரகம் ஓராண்டில் மற்றவர்களுடையதைவிட மேம்பட்டுவிடவில்லை. 2018-ல் வந்த முடிவு இது. டயாலிசிஸ் நோயாளிக்கோ தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

● பிணந்தின்னிக் கழுகுகள் ஏன் காணாமல் போயின? நம் மூட்டுவலி மாத்திரையால். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி செத்த மாட்டின் உடலில் தங்கியது. அதைத் தின்ற பாறு கழுகுகள் கிட்னி செயலிழந்து கூட்டம் கூட்டமாக மாண்டன. காரணம் 2004-ல் தெரிந்தது, 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. தமிழ்நாட்டில் மிச்சமுள்ளவை பெரும்பாலும் நீலகிரி மோயாற்றுப் பள்ளத்தாக்கில். மனிதச் சிறுநீரகம் கழுகினுடையது அளவுக்குப் பலவீனமில்லை. என்றாலும் நாற்று நட்டுவிட்டு வந்து தினம் ஒரு வலி மாத்திரை, வாரம் ஒரு இடுப்பூசி என்று ஆண்டுக்கணக்கில் போனால் அதுவும் தாங்காது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது போட்டால் ஆபத்து இன்னும் கூடுதல். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் போதுமா என்று முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

● சோளக்காட்டில் கண்ணாடி விரியன் கடித்தாலும் கிட்னிக்குத்தான் கண்டம். அதன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் குலைத்துச் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. மந்திரிக்கப் போகிற நேரம், கிட்னி இழக்கிற நேரம்.

● "இயற்கை மருந்து, பக்க விளைவே இல்லை." கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று புளிச்சக்காயைப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடித்த பத்துப் பேர் ஆக்சலேட் அடைத்துக் கிட்னி செயலிழந்து வந்ததை 2013-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், நாட்டு மருந்து சாப்பிட்டுச் சிறுநீரில் புரதம் ஒழுகி வந்தவர்களை ஆராய்ந்தபோது சில மருந்துகளில் பாதரசம் இருந்தது. கேரளத்தின் கோட்டக்கல்லில் அதே நோய்க்குக் காரணம் முகம் வெளுக்கும் கிரீம். சித்த மருத்துவத்தின் மேல் குறை சொல்லவில்லை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் கொடுப்பதும், பேருந்து நிலையத்தில் லேபிள் இல்லாத டப்பாவில் விற்பதும் ஒன்றல்ல.

● சோற்றுக்கு உப்பு எவ்வளவு? நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, அப்பளம், வடகம், ஊறுகாய் எல்லாம் அந்தக் கரண்டிக்குள் அடங்க வேண்டும். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி கெட்டவருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும். இளநீர், வாழைத்தண்டுச் சாறு இரண்டிலும் அவர்களுக்கு அதே எச்சரிக்கை. ஆரோக்கியமானவர் தாராளமாகக் குடிக்கலாம்.

● பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும், காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசின் போட்டால் ஆரஞ்சு, பீட்ரூட் தின்றால் சிலருக்குச் சிவப்பு. பயப்பட வேண்டாம். வலியே இல்லாமல் ரத்தமாகப் போனால், அதுவும் நாற்பது வயதுக்கு மேல், ஒரே ஒரு முறை என்றாலும் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப்பையில் புற்று இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

● சித்தர் தேரையர் பேரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார்கள். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வட்டமிட்டால் பித்தம், முத்தாக நின்றால் கபம்.

● 1943-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் முதல் டயாலிசிஸ் எந்திரத்தைக் கட்டினார். ரத்தத்தை வடிக்க அவருக்குக் கிடைத்தது இறைச்சிக் குழல் சுற்றும் செலஃபேன் உறை. முதலில் அதில் போடப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள், 1945-ல் ஒரு மூதாட்டி பிழைத்தார். தமிழ்நாட்டில் இன்று முதலமைச்சரின் காப்பீட்டில் டயாலிசிஸ் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

● தமிழகத்துக்கு 'கிட்னி மாற்று' என்ற பேச்சை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் எம்.ஜி.ஆர். 1984 டிசம்பரில் நியூயார்க் புரூக்ளினில் அவருக்குப் பொருத்தப்பட்டது அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி கொடுத்த சிறுநீரகம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தேர்தலில் வென்றார். நாட்டின் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1971-ல், வேலூர் சி.எம்.சி.யில் நடந்துவிட்டது. புதுக் கிட்னியை அடிவயிற்றில் வைப்பார்கள். பழைய இரண்டையும் வழக்கமாக எடுப்பதில்லை, ஆக உள்ளே மூன்று.

● கொடுப்பது தானம், விற்பது குற்றம். 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒருகாலத்தில் 'கிட்னிவாக்கம்' என்றே பேர். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் மாட்டிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் கிட்னி வாங்கியது வெளியே வந்தது. விசாரணை பெரம்பலூர், திருச்சி மருத்துவமனைகள் வரை வந்து, மாற்று அறுவைக்கான உரிமம் அங்கே நிறுத்தப்பட்டது. விற்றவர்களுக்குப் பேசிய தொகைகூட முழுசாகக் கைக்கு வரவில்லை என்றும் புகார்கள் வந்தன. மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுப்பவரின் இறுதிச் சடங்குக்கு 2023 செப்டம்பர் முதல் தமிழகத்தில் அரசு மரியாதை.

● கிட்னியைக் காப்பாற்றப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமா? சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி 1990-களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில் வேறு வழி காட்டினார். ஊர்ப் பெண்களைப் பழக்கி வீடு வீடாக அனுப்பி, ரத்தக்கொதிப்பு பார்த்து, சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று இரண்டு எளிய ரசாயனங்களால் சோதித்தார்கள். கண்டவர்களுக்கு விலை மலிவான பழைய மாத்திரைகள். தலைக்கு ஆண்டுக்குச் சில ரூபாய்ச் செலவில் பெரும்பாலோருக்குக் கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் வந்தன. ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகும் செலவில் ஒரு கிராமத்துக்கே இதைச் செய்துவிடலாம் என்பது என் கணக்கு.

● ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ச் சோதனைக்குப் போகிறீர்களா? காலையில் முதலில் போகும் நீரை, தொடக்கத்தைக் கீழே விட்டு நடுவில் பிடியுங்கள். காய்ச்சல் அடிக்கும்போதும், முந்தின நாள் மூட்டை தூக்கியிருந்தாலும், மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம். இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும். ஒருமுறை புரதம் வந்தால் முடிவு கட்டாதீர்கள். மூன்று மாதம் கழித்தும் புரதம் வந்தால்தான் நாள்பட்ட நோய் என்று பேர் வைப்பார்கள். ரத்தச் சோதனைச் சீட்டில் கிரியேட்டினின் மட்டும் இருந்தால், வயதை வைத்துக் கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆர். (வடிகட்டும் திறனின் மதிப்பு) எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று மாதமாக 60-க்குக் கீழே என்றால் கிட்னி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.